கோடு போடுவதற்கு முன்னால்

டர்பனில் ஒரு சிறிய நில அளவை நிறுவனத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டேன். கிராமங்களைப் பிரித்துப் புது நகராட்சி உண்டாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது இரண்டு மூன்று தடவைதான். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் வழி தெளிவாகத்தான் இருக்கிறது. எல்லை போடும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 155ஆம் பிரிவு ஒரு சுதந்திரமான அமைப்பிடம் விடுகிறது. அதுதான் நகராட்சி எல்லை நிர்ணய வாரியம். வாரியத்தின் வேலை 1998இல் வந்த சட்டத்தின்படி நடக்கிறது. முதலில் அறிவிப்பு, கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள். முடிவு அரசிதழில் வந்தபின் ஆட்சேபிக்க 30 நாள். எல்லை உறுதியாகிவிட்டால் நகராட்சி பிறந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மாகாண அமைச்சர் தனியாக ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். பழைய நகராட்சியின் லாரி, கடன், ஊழியர்கள் எல்லாம் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டு எழுத வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் பாகப்பிரிவினை மாதிரிதான், அண்டா குண்டா வரைக்கும் கணக்கு வரும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது 25ஆம் பிரிவு. மக்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எங்கே காசு செலவழிக்கிறார்கள், யாரோடு சேர்ந்து பிழைக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் எல்லை போட வேண்டும் என்கிறது. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது நாட்டின் வடக்கே லிம்போப்போ மாகாணத்தில், ஒரு கிராமத்துக் கூட்டத்தில்.

சுவரில் என் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். வயதான ஓர் அம்மா எழுந்து வந்தார். தன் ஊரைத் தேடினார், கிடைக்கவில்லை. நாங்கள் அச்சிட்ட பெயர் வேறு, அவர்கள் கூப்பிடும் பெயர் வேறு. அப்புறம் ஆற்றைக் கண்டுபிடித்து, மூக்குப்பொடிக் கறை படிந்த விரலை அதன்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். "இங்கே டாக்சி ஏறுவேன். இங்கே பென்ஷன் வாங்குவேன். இங்கே மாவு வாங்குவேன்" என்று அவர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். விரல் போன வழி முழுக்க மேற்கே. என் கோடு அவரைக் கிழக்கே தள்ளியிருந்தது. அதை அவர் குற்றமாகக்கூடச் சொல்லவில்லை, வழி தெரியாத பையனுக்கு வழி காட்டுவதுபோல் காட்டினார்.

பிரிந்து போகக் கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2000இல் நாடு முழுக்க இருந்த 843 உள்ளாட்சிகளை 284ஆகச் சுருக்கினார்கள். அலுவலகம் தூரமாகிப்போன ஊர்கள் ஏராளம். அதே லிம்போப்போவில், துலமேலா நகராட்சியில் இருந்த மலமுலேலே மக்கள், தங்களைக் கவனிப்பதில்லை என்று தனி நகராட்சி கேட்டுப் போராடினார்கள். 2015 தொடக்கத்தில் வாரக்கணக்கில் பள்ளிக்கூடம் நடக்கவில்லை. தனியாக நின்றால் வருமானம் போதாது என்று முதலில் மறுத்த வாரியம், அதே வருடம் வுவானிப் பகுதிக் கிராமங்களை மக்காடோ நகராட்சியிலிருந்து பிரித்து அவர்களோடு சேர்த்தது. கணக்கு சரியானது. ஆனால் அப்படிச் சேர்க்கச் சொல்லி வுவானிக்காரர்கள் கேட்கவே இல்லை. நீதிமன்றம் போனார்கள், 2016 ஏப்ரலில் வழக்கு தள்ளுபடியானது. அடுத்த சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் எரிந்தன. ஆகஸ்ட் 3 தேர்தலோடு புது நகராட்சி நடைமுறைக்கு வந்தபோது வுவானியில் ஓட்டுப் போட வந்தவர்கள் மிகக் கொஞ்சம்.

பள்ளிக்கூடத்தை எரித்ததை என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியாது. படிப்பு போனது அவர்கள் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் வருமானக் கணக்குக்காக ஒரு ஊரை இன்னொரு ஊரோடு தைத்ததும் தவறு என்றே நினைக்கிறேன். 25ஆம் பிரிவில் வருமானமும் உண்டு, டாக்சி வழியும் உண்டு. வருமானத்துக்கு எண் இருப்பதால் அது முதலில் கண்ணில் படுகிறது.

எங்கள் கூட்டத்துக்குப் பிறகு அந்த அம்மா சொன்ன வழியைப் பென்சிலால் வரைந்து ஆட்சேபனைக் காகிதத்தோடு இணைத்து அனுப்பினேன். கோடு மாறவில்லை. அரசிதழுக்கான கடைசி வரைபடத்தையும் நான்தான் போட்டேன்.

அந்த வாரம் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பிறந்து வளர்ந்தது மேகசின் பாரக்ஸில், டர்பன் மாநகராட்சிக்கு உழைத்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த லைன் வீடுகளில். அறுபதுகளில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பெயர்கூட இல்லை, யூனிட் நம்பர்தான்.

"அந்தக் கிராமத்துக்காரங்களக் கேட்டாங்களா?" என்றார் அம்மா.

"கேட்டாங்கம்மா. கூட்டம் போட்டுக் கேட்டாங்க."

"கோடு போட்டுட்டுக் கேட்டாங்களா, போடறதுக்கு முன்னாடி கேட்டாங்களா?"

"போட்டுட்டு" என்றேன்.