கூடவே இருக்கிற வேலை

எங்கள் லேபர் வார்டில் பிறக்கிற பெரும்பாலான குழந்தைகளை முதலில் கையில் வாங்குவது டாக்டரான நான் இல்லை, சிஸ்டர்கள். தமிழ்நாட்டில் நர்ஸாகப் பதிவு செய்கிறவர்கள் மகப்பேறு பார்க்கவும் சேர்த்தே பதிவு பெறுகிறார்கள். அதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. சுகப்பிரசவம் என்றால் ஆரம்பம் முதல் முடிவு வரை அவர்கள் பொறுப்பு. ஏதோ சரியில்லை என்று அவர்கள் கூப்பிட்டால் நான் போய் நிற்க வேண்டும். வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு மகப்பேறு மையத்தில் இப்படித்தான் எங்கள் வேலை நடக்கிறது. காசிமேடு, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, சில சமயம் எண்ணூர் வரையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள்.

மருத்துவம் படித்தபோது பிரசவத்தின் கட்டங்களைப் படித்தேன். பிரசவத்தின்போது ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது என்பதை இந்தச் சிஸ்டர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பல நாளாக நினைப்பு.

அவர்களுடைய வேலை லேபர் வார்டில் தொடங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை செக்கப்பில் தொடங்குகிறது. நாள் தள்ளிப்போனதும், கர்ப்பத்தின் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண் கிடைத்தால்தான், கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை எல்லாம் நகரும். எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை அளவு. இவை எல்லா ஊரிலும் உள்ளவைதான். எங்கள் மூத்த சிஸ்டர் இதற்கிடையில் கேட்கிற கேள்விகள்தான் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு வீடுகளில் அந்த இரண்டு மாதமும் கையில் காசு புழங்காது. அந்த நாட்களில் ஹீமோகுளோபின் குறைந்து வருகிற பெண்ணிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்ததோடு அவர் விடமாட்டார். "நேத்து ராத்திரி என்னம்மா ஆக்குன? யாரு யாரு சாப்டீங்க? கடைசியா உனக்கு என்ன மிஞ்சுச்சு?" என்பார். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலை அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். அடுத்த மாதம் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

அவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை நான் பலமுறை நின்று கவனித்திருக்கிறேன். முதலில் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். "தொடட்டுமாம்மா?" என்று கேட்பார். மேல்வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, மிருதுவாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பக்கவாட்டில் இறங்குவார்; ஒரு பக்கம் வழவழவென்று முதுகு, மறுபக்கம் சின்னச் சின்ன மேடாகக் கைகால். கடைசியில் அடிவயிற்றில் தலையை விரல்களுக்கு நடுவே மெதுவாக அசைத்துப் பார்ப்பார். பிறகு அந்தப் பெண்ணின் கையையே எடுத்து வைத்து, "இங்கதான் தலை. இது முதுகு. உதைக்கிறது இந்தப் பக்கம்தானே?" என்பார். அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது அந்த மாற்றம் வருவதில்லை.

இப்படி மாதா மாதம் பழகிய பெண் வலியோடு வரும்போது வாசலில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பாதிப் பயம் அங்கேயே போய்விடுகிறது. ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். நாங்கள் மூன்றாம் மாதத்திலிருந்து பார்த்த பெண் திண்டிவனத்துக்கோ பொன்னேரிக்கோ போய்விடுவாள். எங்கோ வேறு யாரோ பார்த்த பெண் அட்டையோடு எட்டாம் மாதத்தில் எங்களிடம் வந்து நிற்பாள். பிக்மி எண் கூடவே வருகிறது. பழக்கம் வருவதில்லை. எல்லோரும் பிரசவ நேரத்துச் சிக்கல்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த இடமாற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருப்பது எந்தப் பெண்ணுக்கும் பலம். அதற்கேற்ப நம் ஏற்பாடுதான் மாற வேண்டும்.

எங்கள் சிஸ்டர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் செக்கப்பிலேயே "தாய்வீடு எங்கம்மா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். வெளியூர் என்றால் அந்தப் பகுதிச் செவிலியரின் போன் நம்பரை வாங்கி, வளைகாப்பு ஆனதும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். எட்டாம் மாதத்தில் புதிதாக வருகிறவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்ப்பதில்லை. மதியம் வரச் சொல்லி, லேபர் வார்டைச் சுற்றிக் காட்டி, எந்தப் படுக்கை, எங்கே பாத்ரூம், அம்மா எங்கே உட்காரலாம் என்று சொல்லி, மூன்று ஷிப்டு சிஸ்டர்களில் முடிந்தவரை எல்லோரையும் அறிமுகப்படுத்துகிறார்கள். யாரும் உத்தரவு போட்டுச் செய்ததில்லை இது. வீடு வீடாகப் போகிற நகர சுகாதார செவிலியர்களும் இந்தக் குழுவில்தான் சேர்த்தி. யார் வீடு காலி செய்து எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம், வலி கண்டால் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள் என்று சொல்லிவைப்பதும் அவர்கள்தான். புயல் அறிவிப்பு வந்தால் தேதி நெருங்கியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலின் அருமை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பழகியதால் கிடைக்கிற பலன் மனத்தைரியம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் செக்கப் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துச் சிஸ்டர் வளையலுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தார். கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் பதிந்து தடம் விழுந்திருந்தது.

"வளைகாப்பு அன்னிக்கு இப்பிடி இறுக்கமாவா இருந்துச்சு?"

"இல்ல சிஸ்டர், ரெண்டு நாளாத்தான். தலையும் பாரமா இருக்கு."

வரிசையை விட்டு எழுப்பிப் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தால் 160/110. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். என்னைக் கூப்பிட்டபோது மெக்னீசியம் சல்பேட் ஊசியை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து கிராம் ஆழமாகப் போட வேண்டிய ஊசி, நன்றாகவே வலிக்கும். வலிப்பு வந்துவிடாமல் காப்பது அதுதான். பிரஷருக்கு மருந்து கொடுத்து, 108-இல் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஒரு சிஸ்டர் கூடவே ஏறிக்கொண்டார். அங்கே ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள். அந்தப் பெண்ணின் முறை வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். போன மாதம் அந்தக் கை எப்படி இருந்தது என்று தெரிந்த ஒருவரின் கண்ணில் பட்டதால்தான் முன்கூட்டியே தெரிந்தது.

இனி பிரசவம். இருபத்தொரு வயது, தலைப்பிரசவம், காசிமேடு. இரவு வலி கண்டு அம்மாவோடும் பாட்டியான ஆயாவோடும் வந்தாள். கர்ப்பப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருந்தது. விடியும்போது நான்கு. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "புள்ள துடிக்குது மேடம், ஆபரேஷன் பண்ணிருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவின் பயம் நியாயமானது. அக்கம்பக்கத்தில் கேட்ட கதை எல்லாம் அவர் மனதில் ஓடும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில், ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகுதான் பிரசவ வலி முழு வேகம் பிடிக்கிறது, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து அவசரப்பட வேண்டாம், முதல் பிரசவத்தில் அதற்குப் பிறகும் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. எனக்கு இது தெரியும். அதை அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னால் அவருக்கு என்ன ஆறுதல்?

சிஸ்டர் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். "கேக்குதாம்மா? குதிரை ஓடுற மாதிரி இருக்கில்ல? உங்க பேரப்புள்ள நல்லா இருக்கு. உங்க பொண்ணும் நல்லா இருக்கா. நல்லா இருக்கறப்போ கத்தி வைக்க வேணாம். எதுனா மாறுச்சின்னா நானே மேடத்த எழுப்பி நிறுத்திடுவேன்." அந்த அம்மா என் கையை விட்டுவிட்டு மகளின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

அப்புறம் நடந்தது எதுவும் கேஸ் ஷீட்டில் எழுதக்கூடிய விஷயம் இல்லை. படுத்தே இருக்க விடாமல் எழுப்பி வராந்தாவில் நடக்க வைத்தார். வலி வரும்போது சிஸ்டரின் தோளில் சாய்ந்து நின்றாள். சிஸ்டர் இடுப்பெலும்பின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தார். வலி போனதும் ஒரு மடக்குக் கஞ்சி. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பு, கணக்குத் தவறாமல். அதை மட்டும் எழுதினார். ஷிப்டு மாறியபோது அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றே ஒப்படைத்தார்: "இடது பக்கம் சாஞ்சா வலி தாங்குறா. ஆயா பேசுனா பயப்படுறா, அம்மா பேசுனா சரியாயிடுறா." ஆயாவை வெளியே காற்றாட உட்கார வைத்துவிட்டார்கள்.

மதியம் தாண்டி முழுதாகத் திறந்தது. யாரும் "முக்கு முக்கு" என்று கத்தவில்லை. "உனக்கு எப்ப தோணுதோ அப்ப முக்கும்மா" என்றார் அடுத்த ஷிப்டு சிஸ்டர். ஒருக்களித்துப் படுத்தபடியே பெற்றாள். தலை வரும்போது சிஸ்டரின் ஒரு கை தலையை மெதுவாகத் தடுத்து, அவசரமாக வெளியே பாயாமல் பார்த்துக்கொண்டது. தையல் போடவே வேண்டியிருக்கவில்லை. பெண் குழந்தை. ஈரம் துடைத்து நேராக அம்மாவின் மார்பில். ரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்குத் தொடையில் பத்து யூனிட் ஆக்சிடோசின் ஊசி. தொப்புள்கொடியின் துடிப்பு நிற்கும்வரை காத்திருந்து வெட்டினார்கள். நஞ்சுக்கொடி விழுந்ததும் அதைத் தட்டில் விரித்து, துண்டு துண்டான பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்று விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். பிள்ளை பிறந்ததும் எல்லோரும் பிள்ளையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கால் மணிக்கு ஒருமுறை தாயின் வயிற்றை அழுத்தி, கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது சிஸ்டர்தான். ரத்தப்போக்கு உயிரை எடுக்கிற நேரம் அது.

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. சிசேரியன் எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது; வளையல் இறுகிய அந்தப் பெண்ணையும் அதுதான் காப்பாற்றியது. ஆனால் இவ்வளவு பேருக்கும் அது தேவைதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிரசவ வலியின்போது ஒருவர் தொடர்ந்து கூடவே இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது. இதற்கு மெஷின் வாங்க வேண்டாம். ஆள் வேண்டும்.

நான் பயிற்சி டாக்டராக இருந்த இடத்தில் வலியில் கத்துகிற பெண்ணைத் தொடையில் அடிப்பதையும், "பெத்துக்க மட்டும் தெரிஞ்சுதா" என்று கேட்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டவர்கள் ஒரே நேரத்தில் ஆறேழு பேரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பதும் உண்மை. அதனால் அது சரியாகிவிடாது. ஒரு பெண் அந்தப் பேச்சை வாழ்நாள் முழுக்க மறப்பதில்லை.

இந்த வேலையில் நல்லபடியாக முடியாத நாட்களும் உண்டு. வயிற்றிலேயே துடிப்பு நின்றுபோன குழந்தையைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு எல்லா மருத்துவமும் செய்து முடித்துவிட்டோம். வீட்டுக்கு அனுப்பும் முன் மூத்த சிஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு மூணு நாள்ல பால் கட்டும் கண்ணு. பயந்துடாத. இப்பிடித்தான் ஆகும்" என்று சொல்லி, வலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். குழந்தை இல்லாத வீட்டில் மார்பு நனைந்தால் அவள் என்ன ஆவாள் என்று அந்த அறையில் சிஸ்டர் ஒருவர்தான் யோசித்திருந்தார்.

2018 டிசம்பரில் மத்திய அரசு மகப்பேறு செவிலியர் சேவைக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரசவத்துக்கென்றே பதினெட்டு மாதக் கூடுதல் பயிற்சி, அவர்கள் பொறுப்பில் தனிப் பிரிவு, வேறு வார்டுக்கு மாற்றாமல் இருப்பது என்று நல்ல திட்டம். நடைமுறையில் நான் பார்ப்பது, லேபர் வார்டில் கை பழகிய சிஸ்டரை ஆள் பற்றாக்குறை என்று வேறு பிரிவுக்கு மாற்றுவதும், மிச்சம் இருக்கிறவர்கள் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் ரெஜிஸ்டர் எழுதுவதும்தான். எத்தனை பிரசவம், எத்தனை ரெஃபரல் என்று மாதாமாதம் கேட்கிறார்கள். ஒரு சிஸ்டருக்கு ஒரே நேரத்தில் எத்தனை பெண்கள் வலியில் இருந்தார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இந்த மாதத்திலிருந்து ரிப்போர்ட்டின் அடியில் நாங்களே ஒரு வரி சேர்த்து அதை எழுதி அனுப்புகிறோம். இரவு ஷிப்டுக்கு இன்னொரு ஆள் கேட்டும் எழுதியிருக்கிறோம்.