உலக்கைக் கருங்காலி

06.07.2024, சனி

சோளகக் காற்றுத் தொடங்கியதிலிருந்து வயலின் வகுப்பில் பாதி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடுகிறது. காற்றுக் காய்ந்தால் பிரடை, தந்தியை முறுக்கும் மர ஆணி, சுருங்கும். பிடி விட்டதும் தந்தி தொய்யும். வெண்கட்டி பூசிப் பூசி என் விரலெல்லாம் வெள்ளை.

இன்று ஒரு பெட்டி வந்தது. ஆண்டு 4 சின்னவளுக்கு அவளுடைய பெரியம்மா ஜேர்மனியிலிருந்து அனுப்பிய அரை அளவு வயலின். மேற்பலகைத் துளை வழியே டோர்ச் அடித்துப் பார்த்தேன். ‘சுசுகி வயலின் கம்பனி, நாகோயா, 1976’ என்று உள்ளே ஒட்டியிருந்தது.

“ரீச்சர், மோட்டார் சைக்கிள் செய்யிற சுசுகியோ?” என்று ஒரு பெடியன் கேட்டான். இல்லை. அது ஹமமட்சுவில் நெசவுத்தறி செய்து தொடங்கிய வேறொரு குடும்பம். இது வயலினுக்கென்றே 1887 இல் தொடங்கிய கம்பனி.

பிரடைகளில் இரண்டு முறிந்துவிட்டன. தந்திகளைத் தாங்கும் குதிரை வளைந்திருக்கிறது. ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம். சின்னவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “திருத்தலாம்” என்று சொல்லிவிட்டேன்.

07.07.2024, ஞாயிறு

வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, அந்த வயலின் கம்பனியைத் தொடங்கிய மசாகிச்சி சுசுகியைப் பற்றி நான் முன்பு எழுதி வைத்த கொப்பியைத் தேடி எடுத்தேன்.

1859 இல் நாகோயாவில் பிறந்தவர். தகப்பன் கீழ்மட்டச் சாமுராய். சம்பளம் போதாமல் பக்கத் தொழிலாக ஷாமிசென் செய்தவர். ஷாமிசென் மூன்று தந்தி உள்ள ஜப்பானிய வாத்தியம், தோல் போர்த்திய சதுரப் பெட்டியும் நீண்ட கழுத்தும் கொண்டது. சாமுராய்களின் காலம் முடிந்ததும் அந்தப் பக்கத் தொழிலே குடும்பத்துக்குச் சோறு போட்டது. மகனும் அதையே பழகினார்.

1887 இல் ஒருவரிடம் வயலின் ஒன்றைக் காண்கிறார். ஒரேயொரு இரவுக்கு இரவல் வாங்கி, அளவெடுத்து, வரைந்துகொண்டு திருப்பிக் கொடுக்கிறார். பிறகு தானே ஒன்றைச் செய்கிறார். படிப்பிக்க ஆள் இல்லை. ஷாமிசெனுக்குத் தோலை இழுத்துக் கட்டினால் போதும். வயலினுக்கோ தடித்த பலகையைக் குடைந்து, நடுவில் புடைத்து, ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கூடச் செதுக்கினால் பலகை வெடிக்கும். குறைவாகச் செதுக்கினால் நாதம் அடைத்துக்கொள்ளும். அந்த ஓர் இரவை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

10.07.2024, புதன்

பாடசாலை முடிந்ததும் வயலினோடு ஓடாவியாரிடம் போனேன். வட்டக்கச்சியில் பாதி வீட்டுக் கதவு நிலைகள் அவர் கை பட்டவை. வயலினை அவர் தொட்டது இன்றுதான் முதல் தடவை.

“உள்ளுக்கை என்ன பிள்ளை உருளுது?” என்றார்.

சின்ன மரத்துண்டு என்றேன். மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையில், குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் தூண். பசை கிடையாது, இறுக்கத்திலேயே நிற்கிறது. தந்தி எல்லாம் ஒன்றாகத் தளர்ந்தால் சாய்ந்துவிடும். மேலே எழும் அதிர்வை அதுதான் கீழே கொண்டுபோகிறது. பிரெஞ்சுக்காரர் அதை ‘ஆன்மா’ என்கிறார்கள், ஜப்பானியர் ‘ஆன்மத் தூண்’ என்கிறார்கள் என்றும் சொன்னேன்.

“அப்ப உயிர் விழுந்து கிடக்கு” என்றார் ஓடாவியார்.

பிரடைக்குக் கருங்காலி வேண்டும். உலகம் முழுவதும் வயலின்காரர் விரல்பலகைக்கும் பிரடைக்கும் தேடிய இலங்கைக் கருங்காலி, எங்கள் வன்னிக் காட்டிலும் நிற்கிற மரம். இப்போது வெட்டக் கூடாது, வெட்டவும் வேண்டாம். ஓடாவியார் யோசித்துவிட்டுக் கோடிப்புறம் போய், நடுவில் வெடித்த பழைய உலக்கை ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய ஆச்சி நெல்லுக் குத்திய உலக்கை. வாளால் ஒரு துண்டு அறுத்தார். உள்ளே கரிக்கறுப்பு.

13.07.2024, சனி

வகுப்பில் மிச்சக் கதையைச் சொன்னேன். 1900 இல் வயலினின் சுருள் தலையைச் செதுக்க மசாகிச்சி இயந்திரம் கண்டுபிடித்தார். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் வயலின்களின் ஏற்றுமதி நின்றுபோக, ஓடர்கள் எல்லாம் நாகோயாவுக்குத் திரும்பின. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், நாளுக்கு நூற்றுக்கணக்கில் வயலின்கள். கையால் செய்தது மட்டுமே வாத்தியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இயந்திரங்கள் இல்லாவிட்டால் சின்னப் பிள்ளையின் கைக்கு அளவான வயலின் ஏழை வீட்டுக்கு எப்படி வரும்?

மகன் ஷினிச்சி 1898 இல் பிறந்தவர். தொழிற்சாலைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு வயலின் ஒரு விளையாட்டுச் சாமான்தான். 17 வயதில் கிராமபோனில் மிஷா எல்மன் என்ற வயலின் வித்துவான் வாசித்த ஒரு தட்டைக் கேட்கிறார். இந்தப் பெட்டிக்குள் இவ்வளவு இருந்ததா என்று திகைத்துப்போய், தகப்பனின் வயலின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே வாசிக்கத் தொடங்குகிறார்.

இந்த இடத்தில் பின்வரிசைப் பெடியன்களும் நிமிர்ந்து இருந்தார்கள்.

20.07.2024, சனி

ஒரு போர் வளர்த்த தொழிற்சாலையை அடுத்த போர் நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் அங்கே வயலினுக்குப் பதில் கடல் விமானங்களுக்கான மர மிதவைகள் செய்தார்கள். மரம் தேடி ஷினிச்சி கிசோ மலைப்பக்கம் போனார். 1944 இல் மசாகிச்சி காலமானார். அவர் காலமானபோது அவருடைய பட்டறை மிதவை செய்துகொண்டிருந்தது என்பதை இன்று எழுதும்போதும் கை நிற்கிறது.

எங்களிடமும் ஒரு வயலின் இருந்தது. 2008 கடைசியில் இடம்பெயரும்போது அப்பா அதைப் பெட்டியோடு பொலித்தீனிலும் உரப்பையிலும் சுற்றி, கிணற்றடி வேம்புக்குப் பக்கத்தில் தாட்டார். தையல் மெசினும் அதே குழிக்குள்தான். 2010 இல் நாங்கள் திரும்பி வந்தோம், அப்பா வரவில்லை. அம்மாதான் இடம் காட்டினா. தோண்டி எடுத்தபோது வில்லின் மயிரைப் பூச்சி தின்றிருந்தது. வயலின் உக்கவில்லை, கழன்றிருந்தது. பழைய முறை வயலின்களை ஒட்டுவது வச்சிரத்தால். ஈரம் பட்டால் அது இளகும். மேற்பலகை, கீழ்ப்பலகை, பக்கச் சட்டங்கள், கழுத்து எல்லாம் தனித்தனியாக, ஆனால் முழுசாக இருந்தன. பதினான்கு வருடமாக ஒரு சீலையில் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன்.

28.07.2024, ஞாயிறு

பிரடை இரண்டும் தயார். குதிரையை நனைத்து, பாரம் வைத்து நிமிர்த்தியாயிற்று. தூணை நிறுத்தத்தான் மூன்று பின்னேரம் எடுத்தது. கம்பியை வளைத்து நாங்களே ஒரு கருவி செய்து, துளை வழியே விட்டு, விழுத்தி, திரும்ப எடுத்து... ஓடாவியார் ஒரு தடவைகூடச் சலிக்கவில்லை.

போகும்போது கேட்டார்: “உங்கடை மற்ற வயலின்ரை துண்டுகளை ஒரு இரவுக்குத் தருவியளே பிள்ளை? அளவெடுத்திட்டுத் தாறன்.”

மசாகிச்சியின் கதையை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சீலையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

03.08.2024, சனி

சின்னவள் சம்மணம் கட்டி இருந்து, சுருள் தலையை வலது காலில் ஊன்றி, சரளி வரிசை வாசித்தாள். இவ்வளவு நாளும் பெரிய வயலினை அணைத்துப் பிடிக்கவே அவளுடைய சக்தி எல்லாம் போய்விடும். இன்று வில் நேராகப் போனது. உலக்கைப் பிரடை இரண்டும் மற்ற இரண்டைவிடக் கறுப்பு. சோளகம் வீசிக்கொண்டே இருந்தது, சுருதி இறங்கவில்லை.

பின்னேரம் ஓடாவியார் துண்டுகளோடு வந்தார். பக்கச் சட்டங்களைக் கீழ்ப்பலகையில் வச்சிரம் காய்ச்சி ஒட்டியிருந்தார். ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றில் பென்சிலால் முழு வயலினும் வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்றும் எழுதியிருந்தார். மேற்பலகையை மட்டும் ஒட்டவில்லை. அதைக் கையில் வைத்து விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

“இது என்ன மரம்?”

“ஸ்புரூஸ். குளிர் நாட்டு மரம், இங்கை வளராது.”

இன்னொரு தடவை தட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “என்னட்டை மலைவேம்புப் பலகை ஒண்டு கிடக்கு. ஒருக்கால் செதுக்கிப் பாப்பமே?”