தூங்குமூஞ்சி யூனோஸ்

27 அக்டோபர் 2024, ஞாயிறு. கவென்ட்ரி, இங்கிலாந்து

குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாயிற்று. ஐந்தரைக்கெல்லாம் தெரு இருட்டிவிட்டது. பால் வாங்கக் கிளம்பி ஹெட்லைட் சுவிட்சைத் திருகினேன். என் காரின் ஹெட்லைட்டுகள் மூக்குக்குள் படுத்துக் கிடந்து, சுவிட்சைப் போட்டால் கண் திறப்பதுபோல எழும்பும் வகை. இடது கண் எழுந்தது. வலது கண் பாதி எழுந்து, யோசித்து, அங்கேயே நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பையன் கார் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது என்று கத்தினான்.

காரைப் பற்றி ஒரு வரி. 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 லிட்டர். இங்கே மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்று விற்றார்களே, அதே வண்டிதான். ஜப்பான் சந்தைக்கான பெயர் இது. ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் விளக்கின் ஒளி விழும் வாகு இந்த ஊருக்கும் பொருந்தும். பின்னால் ஒரு மூடுபனி விளக்கு மட்டும், இங்கே இறக்குமதி ஆனபோது யாரோ அவசரமாக மாட்டியது.

2 நவம்பர், சனி

முதலில் பானட்டுக்குள், விளக்கைத் தூக்கி இறக்கும் மோட்டார்களின் ஃப்யூஸை (ரிட்ராக்டர் ஃப்யூஸ்) பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் திடீரென்று சுற்றி விரலை வாங்கிவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி மோட்டார். அதன் தலையில் ரப்பர் மூடி. அதைக் கழற்றினால் கையால் திருகும் குமிழ். மோட்டார் செத்தால் வீடு வந்து சேர மாஸ்டாக்காரர்கள் வைத்த வழி.

இந்த மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும் என்பது பலருக்குத் தெரியாது. அதன் தண்டில் ஒரு சிறு கை. அரைச்சுற்று சுற்றினால் அதோடு இணைந்த கம்பி விளக்கைத் தூக்கும், மீதி அரைச்சுற்றில் இறக்கும். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது உள்ளே இருக்கும் செப்புத் தகடு. அந்தத் தகட்டில் 33 வருட கிரீஸ் பனைவெல்லப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. துடைத்து, புது கிரீஸ் கொஞ்சமாகத் தடவி மூடினேன். வலது கண் சரி.

ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. கம்பியின் இரண்டு முனையிலும் மூட்டுக்குள் இருக்கும் புஷ் என்ற சின்ன வளையம் தேய்ந்து, விளக்கைப் பிடித்து ஆட்டினால் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டுகிறது. இரவில் ரோட்டில் வெளிச்சம் நடுங்குவதை இத்தனை நாள் ரோட்டின் குற்றம் என்று நினைத்திருந்தேன். புது புஷ்ஷுக்குச் சொல்லியிருக்கிறேன்.

3 நவம்பர், ஞாயிறு

ஃப்யூஸ் இன்னும் கையில்தான் இருந்தது. இரண்டு குமிழையும் எண்ணித் திருகி, இரண்டு கண்ணையும் பாதியில் நிறுத்தினேன். பத்தடி தள்ளிப்போய்ப் பார்த்தேன். அடடா! மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் சாய்ந்தவர் முகம்.

மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னங்க, இன்னொரு தூங்குமூஞ்சியைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றாள். இன்னொரு என்றதைக் கவனித்தேன்.

ஜப்பானில் இந்த அரைக்கண் அலங்காரம் பழைய சமாச்சாரம். டொயோட்டா ஏஇ86 என்ற காரில் ட்ரூனோ, லெவின் என்று இரண்டு வகை. ட்ரூனோவுக்கு எழும் விளக்கு, லெவினுக்கு நிலையான விளக்கு. அடியில் ஒரே வண்டி. முகம்தான் அங்கே கட்சி பிரிக்கிறது. நிசான் 180எஸ்எக்ஸின் எழும் விளக்கு மூக்கைக் கழற்றிவிட்டு சில்வியாவின் நிலையான மூக்கை மாட்டி அதற்கு சில்எய்ட்டி என்று பேர் வைத்தவர்களும் உண்டு. எழும் விளக்கைப் பிடுங்கி எறிவது எனக்கு ஒப்பாது. அதுதான் வண்டிக்கு உயிர்.

ராத்திரி, அரைக்கண்ணோடே விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. இந்த விளக்குத் தட்டுக்குப் பின்பக்கம்தான் கீல். முன்பக்கம் தாழ்ந்தால் கண்ணாடி தரையைப் பார்க்கும். போனைத் தட்டின்மேல் வைத்து அளந்தால், முழுக்க எழுந்த நிலைக்கும் இதற்கும் 20 டிகிரி வித்தியாசம். வெளிச்சம் பம்பருக்கு முன்னால் இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை. புல்தரை மட்டும் பளிச்சென்று இருந்தது, தொலைத்த சாவியைத் தேடுவதுபோல. விளக்கைத் திருத்தும் இரண்டு திருகாணிகளும் சில டிகிரிக்குத்தான், இருபதுக்கெல்லாம் வராது.

9 நவம்பர், சனி

கராஜ் அண்ணனிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இந்த ஊரில் கார் பிரிக்கிறார். நான் அரைக்கண் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, இது வெளிச்சத்துக்கோ, வடிவுக்கோ?"

வடிவு என்றால் அவர் ஊரில் அழகு. இரண்டுக்கும்தான் என்றேன்.

"ரெண்டையும் ஒண்டாச் செய்யேலாது. முதல்ல வெளிச்சத்தைப் பாரும்."

அப்புறம் என் பையில் இருந்த எல்இடி பல்புகளைப் பார்த்துவிட்டார். போன வருடம் இணையத்தில் வாங்கியது; எச்4 வகைப் பழைய ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அப்படியே சொருகிக்கொள்ளலாம் என்று விளம்பரம். ஒரு வாரம் ஓட்டினேன். எதிரே வந்தவர்களெல்லாம் ஹை பீம் அடித்துத் திட்டினார்கள். எச்4 பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. இழை இருக்கும் இடத்தையும் அந்தக் கிண்ணத்தின் விளிம்பையும் கணக்குப் பண்ணித்தான் பின்னால் உள்ள கண்ணாடிக் குழியையே வார்த்திருக்கிறார்கள். எல்இடியில் ஒளி வருவது இரண்டு தட்டைப் பக்கத்திலிருந்து. மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரில் வருபவர் கண்ணில்தான் அடிக்கும். இங்கே வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்ஓடி-யிலும் ஹாலஜன் விளக்குக்குள் எல்இடி பல்பு இருந்தால் ஃபெயில். கார்களில் 1986 ஏப்ரலுக்கு முந்தையவற்றுக்குத்தான் விலக்கு. என்னுடையது ஐந்து வருடம் இளசு.

பல்பு மேசை டிராயருக்குப் போயிற்று.

17 நவம்பர், ஞாயிறு

இன்று முழுக்க வயர். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். விளக்கு எரிந்துகொண்டிருக்க, சாக்கெட்டின் முதுகில் மீட்டர் முனையைக் குத்தினால் 12.3. கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் வழியிலேயே கரைந்துவிடுகிறது. ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் டிம்-பிரைட் சுவிட்சைச் சுற்றி வருகிற மெல்லிய பழைய வயரும், பச்சை பூத்த இணைப்புகளும் குடிக்கிறவை. ஹாலஜனுக்கு இது பெரிய அடி: வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும்.

செய்தது இதுதான். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸோடு கனமான வயர், டிம்முக்கு ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), பிரைட்டுக்கு ஒரு ரிலே. பழைய வயர் இனி ரிலேயை எழுப்பும் வேலையை மட்டும் பார்க்கும். பல ஜப்பானிய வண்டிகளில் சுவிட்சு பாசிடிவை விட்டுவிட்டு எர்த்தை மாற்றும். அதனால் மீட்டரை வைத்து உறுதி செய்யாமல் ஒரு வயரையும் வெட்டவில்லை.

எழும் விளக்குக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. விளக்குக்குப் போகும் வயர் தினமும் மேலும் கீழும் மடங்கும். இழுத்துக் கட்டினால் கீலுக்குப் பக்கத்தில் சில மாதத்தில் உள்ளுக்குள் அறுந்துவிடும். வெளியே தோல் நன்றாகவே தெரியும். தொட்டில் கயிறு மாதிரி ஒரு வளைவு தொங்கவிட்டு, துணி நாடா சுற்றி, குமிழைக் கையால் இருபது தடவை திருகிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை.

சாக்கெட்டில் இப்போது 13.7. கணக்குப்படி வெளிச்சம் 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க வேண்டும். அதே 55 வாட் டிம். தெருக்கோடியில் இருக்கும் குப்பைத் தொட்டி தெரிகிறது. அது பார்க்க வேண்டிய காட்சி இல்லை என்றாலும் சந்தோஷம்.

23 நவம்பர், சனி

மழை. புஷ் வந்தது. மாட்டவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

புஷ் மாட்டியாயிற்று. தஞ்சாவூர் பொம்மை ஓய்ந்தது.

கூடவே புது விளக்குக் கண்ணாடி. யூனோஸின் விளக்கு 7 அங்குல வட்டம். பழைய மினி, லேண்ட் ரோவர், நம்மூர் புல்லட் எல்லாவற்றுக்கும் இதே அளவு, அதனால் விலை மலிவு. 7 அங்குலத்தில் முழு எல்இடி விளக்கே கிடைக்கிறது. முறையான முத்திரையோடு வருவதும் உண்டு. ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அலுமினியத் துடுப்புகள் தட்டின் முதுகில் இடித்தன. எடையும் கூட, தூக்குவது பாவம் அந்தச் சின்ன மோட்டார். மேலும் எல்இடி விளக்கின் முகம் சூடாகாது, பனி விழுந்தால் உருகாமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சாதாரண எச்4 கண்ணாடியே போதும் என்று முடிவு. பழமைவாதி என்று நண்பன் சொன்னான். இருந்துவிட்டுப் போகிறேன்.

சூப்பர் மார்க்கெட் மூடியபிறகு அதன் பின்சுவருக்கு எதிரே 10 மீட்டரில் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் நாடாவால் குறித்தேன். டிம் வெளிச்சத்தின் மேல்கோடு அந்தக் குறிக்கு 5 முதல் 20 செ.மீ. வரை கீழே விழ வேண்டும். சோதனைக்காரர்கள் அதை அரை முதல் இரண்டு சதவீதம் என்பார்கள். 12-இல் நிறுத்தினேன். காவலாளி வந்து என்ன செய்கிறாய் என்றார். விளக்கினேன். அவரும் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார்.

8 டிசம்பர், ஞாயிறு

வெளிச்சம் முடிந்தது, இனி வடிவு. ஃப்யூஸைப் பிடுங்கி வைப்பதெல்லாம் பொம்மை வேலை. திரும்ப மாட்டிய கணத்தில் மோட்டார் தன் நிலைக்கு ஓடிவிடும். அதனால் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி வாங்கினேன். மோட்டாருக்கும் வண்டி வயருக்கும் நடுவே உட்காரும். டேஷ்போர்டில் ஹசார்ட் பொத்தானுக்குப் பக்கத்தில், விளக்கு எரியாமலே கண்ணை மட்டும் தூக்கும் பொத்தான் இருக்கிறதல்லவா, அதை இரண்டு முறை தட்டினால் அரைக்கண். ஹெட்லைட் போட்டால் மறுபேச்சில்லாமல் முழுக்கண். இந்தக் கடைசி வசதி இல்லாத பெட்டியை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

சாயங்காலம் மூன்று முறை தெருவைச் சுற்றினேன், தேவையே இல்லாமல்.

15 டிசம்பர், ஞாயிறு

காலைக் குளிரில் பொத்தானைத் தட்டினால் வலது கண் பாதி, இடது கண் கால். பக்கவாதம் வந்தமாதிரி முகம். மதியம் வெயில் பட்டபின் இரண்டும் சமம்.

யோசித்ததில் காரணம் பிடிபட்டது. பெட்டிக்கு விளக்கு எங்கே நிற்கிறது என்று தெரியாது. இத்தனை நொடி மின்சாரம் கொடுத்தால் பாதி என்று நேரத்தைத்தான் எண்ணுகிறது. நான் கிரீஸ் மாற்றியது வலது மோட்டாரில் மட்டும். இடதில் இன்னும் பனைவெல்லம். குளிரில் அது இறுகி மெதுவாகச் சுற்றுகிறது, நேரம் முடிந்துவிடுகிறது. நல்லாத்தானே ஓடுது என்று அன்றைக்கு இடதை விட்ட சோம்பேறித்தனத்துக்கு இப்போது பூஜ்யம் டிகிரியில் விரல் விறைக்க உட்கார்ந்து பிரித்தேன். மாலையில் சமமாகிவிட்டது. சரி, கிட்டத்தட்ட சமம்.

11 ஜனவரி 2025, சனி

உறைபனி. விளக்கு மூடிகள் பானட்டோடு ஒட்டிக்கொண்டன. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகியது, உடனே அணைத்தேன். இல்லையென்றால் ஃப்யூஸோ பல்சக்கரமோ ஏதாவது ஒன்று போயிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பிரித்தேன். இனி குளிர் இரவுகளில் கண்ணைத் திறந்துவைத்தே தூங்கவிட வேண்டியதுதான். திறந்தபடி உறைந்தால் குறைந்தபட்சம் வெளிச்சமாவது இருக்கும்.

1936-இல் கார்ட் 810 என்ற அமெரிக்கக் காரில் விளக்கை எழுப்ப டேஷ்போர்டில் விளக்குக்கொரு கைப்பிடி சுற்ற வேண்டுமாம். அந்தக் காலத்திலேயே தொடங்கிய வம்பு 2004-இல் லோட்டஸ் எஸ்ப்ரி, கார்வெட் சி5 இரண்டோடும் ஓய்ந்தது. மாஸ்டா 1998 மாடலிலேயே கைகழுவிவிட்டது. எடை, பாதசாரி மேல் இடித்தால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, இந்தக் குளிர்காலக் கூத்து... கேட்டால் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது.

25 ஜனவரி, சனி

எம்ஓடி. கண்களை முழுக்கத் தூக்கி நிறுத்திக் கொடுத்தேன். சோதிப்பவர் ஒளி அளக்கும் பெட்டியை முன்னால் உருட்டிவந்து குனிந்து பார்த்தார். இடது, வலது, டிம், பிரைட். "அருமையாக இருக்கிறது, யார் செட் செய்தது?" என்றார். நான்தான் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அரைக்கண் போட்டுக் காட்டச் சொன்னார், காட்டினேன், சிரித்தார்.

அப்புறம் வண்டியின் பின்பக்கம் போனார். மூடுபனி விளக்கைப் போடச் சொன்னார். போட்டேன். மறுபடி போடச் சொன்னார்.

ஃபெயில். மூன்று மாதமாக அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. கழற்றிப் பார்த்தால் 21 வாட் பல்பு கருகி, சாக்கெட்டில் தண்ணீர். பல்பு வாங்கக் கடைக்கு நடந்து போய்க்கொண்டே அண்ணனுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, "ரெண்டா வாங்கும் தம்பி, ஒண்டு ஸ்பேரா கிடக்கட்டும்" என்றார்.