மூத்த குடிமக்கள் பேருந்து டோக்கன்: அப்பாவுக்காக விண்ணப்பித்தபோது அறிந்தவை

சென்னையில் வசிக்கும், 60 வயது நிறைந்த எவரும் மாநகர் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் மாதம் 10 முறை கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். 2016 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்தை என் அப்பா நெடுநாளாக அறிந்திருந்தும், "அதற்கு எங்கே போய் யாரைக் கேட்பது" என்று ஒதுக்கி வைத்திருந்தார். கண் அழுத்த நோய்க்காக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குத் தவறாமல் போக வேண்டிய நிலை வந்த பிறகு, இதை நானே முன்னின்று முடிப்பதென்று தீர்மானித்தேன்.

கேட்கப்படும் ஆவணங்கள் அதிகமில்லை. இருப்பிடச் சான்றாகக் குடும்ப அட்டையும், வயதுச் சான்றாக ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், கல்விச் சான்றிதழ் ஆகியவற்றுள் ஒன்றும், பாஸ்போர்ட் அளவு வண்ணப் புகைப்படம் இரண்டும் போதும். பணிமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் இதற்கென அமைக்கப்படும் மையங்களில் விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்த்து, அடையாள அட்டையும் ஆறு மாதத்துக்கான டோக்கன்களும் தருகிறார்கள். கிளம்பும் முன்பே, எல்லா ஆவணங்களிலும் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நான் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்கியிருக்கும் பெரியவர்களுக்குக் குடும்ப அட்டை இன்னமும் சொந்த ஊர் முகவரியிலேயே இருக்கக்கூடும் என்பதால், அவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

டோக்கன் கைக்கு வந்த பின்னர்தான் கணக்கு தெளிவாகப் புரிந்தது. ஒரு டோக்கன் ஒரு பேருந்தில் ஒரு பயணத்துக்கு மட்டுமே செல்லும். வீட்டு வாசலுக்கு அருகிலிருந்து நேராகப் பேருந்து உள்ளவருக்கு 10 டோக்கன் என்பது ஐந்து முறை போய்வருவது. நடுவில் ஒரு முறை பேருந்து மாற வேண்டியவருக்கோ ஒரு முறை போய்வரவே நான்கு டோக்கன் செலவாகிவிடும். மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் அவரால் முழுமையாகப் போய்வர இயலாது. ஆகவே மருத்துவமனைக்குச் செல்லும் நாள்களைக் குறித்துவைத்து, அவற்றுக்கான டோக்கன்களைத் தனியே எடுத்து வைக்குமாறு அப்பாவிடம் சொன்னேன். குளிர்சாதனப் பேருந்துகளில் மட்டும் இவை செல்லாது. சொகுசுப் பேருந்தில் செல்லும் என்பது முதியவர்களுக்குப் பெரிய உதவி, ஏனெனில் வெயிலில் நெடுநேரம் காத்து நிற்காமல் வருகிற வண்டியில் ஏறிவிடலாம்.

என் அம்மாவின் நிலை முற்றிலும் வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அவர் எந்த விண்ணப்பமும் எழுதவில்லை, எந்தச் சான்றும் காட்டவில்லை, எந்த வரிசையிலும் நிற்கவில்லை. ஏறுகிறார், நடத்துநர் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துத் தருகிறார், அவ்வளவுதான். சொகுசுப் பேருந்தானால் அவர் காசு கொடுத்தாக வேண்டும் என்பது உண்மையே. ஆனால் மாதத்துக்கு இத்தனை முறை என்ற வரம்பு இல்லை. இத்திட்டத்தால் பெண்கள் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. இவ்வளவு பேர் இவ்வளவு விரைவில் பயனடைந்ததற்குக் கட்டணம் இல்லாதது எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு விண்ணப்பம் இல்லாததும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வேறுபாடு மனத்தில் பதிந்த பிறகு, பிற ஊர்களின் சலுகைத் திட்டங்களையும் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றிலும் நான் பார்த்தது ஒன்றே: பயணியிடம் எதை நிரூபிக்கச் சொல்கிறார்கள்? நியூயார்க் நகரம் 2019இல் தொடங்கிய பாதிக் கட்டணத் திட்டத்தில் வருமானத்தை நிரூபிக்க வேண்டும். சியாட்டில் பகுதியில் 2015இல் வந்த குறைந்த கட்டண அட்டைக்கும் வருமான வரம்பு உண்டு. ஆனால் அங்கே பொதுச் சுகாதார மையங்களிலேயே பதிவு செய்ய வழி செய்ததால், மக்கள் ஏற்கெனவே போய்வரும் இடத்திலேயே வேலை முடிந்தது. எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013இல் பயணத்தை இலவசமாக்கியபோது, அந்நகரில் வசிப்பவராகப் பதிவு செய்திருந்தால் போதும் என்றது. நம் நாட்டு ரயில்வேயோ, 2020 மார்ச்சில் நிறுத்தும்வரை, பயணச்சீட்டு வாங்கும்போது வயதைச் சொன்னாலே மூத்த குடிமக்களுக்குச் சலுகை தந்தது. சான்றைப் பயணத்தின்போது கையில் வைத்திருந்தால் போதுமானதாக இருந்தது.

வருமானம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அதை மீண்டும் மீண்டும் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் 60 கடந்தவரின் வயது குறையப் போவதில்லை. முகவரி மாறினால் மட்டும் தெரிவிக்கச் சொல்லிவிட்டு, ஒரு முறை தந்த அடையாள அட்டையையே பேருந்தில் காட்டிப் பயணிக்க விடலாம் என்பது என் கருத்து. நடக்கச் சிரமப்படுவோருக்குத்தான் இந்தச் சலுகை மிகவும் தேவைப்படுகிறது. அவர்கள்தான் ஆண்டுக்கு இரு முறை மையத்துக்குப் போகவும் வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவிலுள்ள பெரியவர்களுக்காக இவற்றையெல்லாம் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த அரையாண்டுக்கான டோக்கன் வழங்கும் அறிவிப்பு ஜூன், டிசம்பர் மாதங்களையொட்டி நாளிதழ்களில் வரும். ஏற்கெனவே டோக்கன் பெற்றவர்கள் அடையாள அட்டையை எடுத்துச் சென்று புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் மேலே சொன்ன சான்றுகளின் அசலையும் நகலையும் சேர்த்தே எடுத்துச் செல்வது நல்லது. மையம் திறந்த முதல் சில நாள்களைத் தவிர்த்து, வார நடுவில் காலையிலேயே போனால் முதியவர்கள் நெடுநேரம் நிற்க நேராது.