மிச்சத் துணியில் ஆடுபுலி ஆட்டம்: செய்து பார்த்தது

ஜாக்கெட் தைத்து முடித்ததும் விழும் துண்டுகள் இருக்கின்றனவே, தூக்கிப்போட மனசு வராது, எதற்கும் பத்தவும் பத்தாது. அக்குள் வளைவில் வெட்டிய பிறைத்துண்டு, கைக்கு எடுத்தது போக மிஞ்சிய ரெண்டு விரல் அகல ரூபியா ஜாக்கெட் துணி, லைனிங் ஓரம். குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: நூல்கண்டு தீரும்போது மிஞ்சுகிற முழ நீள உல்லன் நூல். முடிச்சுப் போட்டுச் சேர்த்துப் பின்னினால் முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கும்.

கோடை விடுமுறைக்கு அக்கா பிள்ளைகளும் நாத்தனார் பிள்ளைகளும் வருகிறார்கள். வந்தால் ஆளுக்கொரு பரிசு கொடுத்து அனுப்புவது வழக்கம். துணிப்பொம்மை எனக்கு ஒத்துவரவில்லை. பஞ்சு வாங்கு, கண் வாங்கு என்று மிச்சத்தைத் தீர்க்கப்போய்ப் புதுச்செலவுதான் கூடுகிறது. பிள்ளைகளும் ஒரு நாள் கொஞ்சிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள். விளையாட்டுச் சாமான் அப்படியில்லை. எதிரே ஒரு ஆள் இருந்தால் போதும், கைக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் இந்தத் தடவை ஆடுபுலி ஆட்டம். என் மாமியார் கரிக்கட்டையால் திண்ணையில் கோடு போட்டு, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடியவர். கட்டம் அவர் போட்டுக் கொடுத்ததுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து விசிறி மாதிரி நாலு கோடு கீழே இறங்கி, அடியில் ஒரு படுக்கைக்கோட்டில் முடியும். அந்த நாலையும் வெட்டிக்கொண்டு நடுவே மூன்று படுக்கைக்கோடுகள் இரண்டு பக்கமும் வெளியே நீளும். அவற்றின் நுனிகளை இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு சேர்க்கும். மொத்தம் 10 கோடு, 23 சந்தி. புலி 3, ஆடு 15.

கோடுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. உச்சியிலிருந்து அடிவரை 14 இஞ்ச், அகலம் 16 இஞ்ச் என்று கட்டம் போட்டால், மிக நீளமான கோட்டுக்கே நுனி விட்டு அரை மீட்டர் நூல்தான் ஆகும். பத்துக் கோட்டுக்கும் சேர்த்து, நுனி நீங்கலாக, மூன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கோட்டுக்கு ஒரு நிறம் என்றால் வேறெதற்கும் உதவாத அந்த முழ நூல்கள்தான் சரியான அளவு. நிறம் மாறினால் பிள்ளைகளுக்கும் வசதி, 'நீலக்கோட்டுல வா' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அடித்துணிக்குப் பழைய யூனிஃபார்ம் பேண்ட். முட்டி வெளுத்திருந்தாலும் தொடைப்பக்கம் துணி கெட்டியாக இருக்கும். 22 இஞ்ச் வட்டம் ஒரே துண்டாகக் கிடைக்காது, நாலு கால்வட்டமாக வெட்டி இணைக்க வேண்டும். தையலை விரித்து இஸ்திரி போட்ட பிறகே சாக்பீஸை எடுக்கவும். நாலு தையலும் கூடுகிற நடுவில் நூல்கோடு விழுந்தால் மேடு தட்டும், காய் சாயும். கட்டத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் கோடுகள் அந்த இடத்தை விட்டு விலகிவிடுகின்றன.

என்னுடையது பழைய கறுப்பு மெஷின், வளைந்து வளைந்து தைக்கிற ஜிக்ஜாக் கிடையாது. கையால்தான். உல்லன் நூலைக் கோட்டின்மேல் கிடத்தி, தையல்நூலால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு குத்து குறுக்கே போட்டு அமுக்கிக்கொண்டே போக வேண்டும். உல்லனை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இழுத்தால் கையை எடுத்ததும் அது சுருங்கி, துணியையும் சேர்த்துச் சுருட்டும். தொய்வாகக் கிடந்தால் படிந்துகொள்ளும். உச்சிப்புள்ளியில் நாலு நூலும் கூடி முண்டு கட்டும் என்பதால் நுனிகளைக் கோணி ஊசியில் கோத்துப் பின்பக்கம் இறக்கி அங்கே முடிந்தேன்.

அடுத்து காய்கள். 4 இஞ்சுக்கு 2 இஞ்ச் துண்டு. நல்ல பக்கம் உள்ளே இருக்க, நீளத்தைப் பாதியாக மடித்து இரண்டு பக்கமும் தைத்துப் புரட்டினால் வாய் திறந்த குட்டிப்பை. நிரப்பிவிட்டு வாயை மூடும்போது, பக்கத்தையல் ரெண்டும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி திருப்பிப் பிடித்துத் தைத்தால் சமோசா வடிவம் வந்துவிடும். எப்படி வைத்தாலும் உட்காரும், உருளாது. உள்ளே போவது, எந்த வேலைக்கும் ஆகாத பொடித்துணி. வெறும் துணியானால் எடை பத்தாமல் ஃபேன் காற்றுக்கே நகர்கிறது. வெயிலில் நன்றாகக் காய்ந்த புளியங்கொட்டை ரெண்டு சேர்த்தால் நிற்கிறது. காயாத கொட்டையில் வண்டு வைக்கும். அரிசி, பயறு வேண்டவே வேண்டாம்.

ஆட்டுக்கு வெள்ளை ரூபியா. புலிக்குப் புள்ளி போட்ட மஞ்சள் சுங்குடித் துண்டு. புள்ளி இருந்தால் அது சிறுத்தை என்று அக்கா மகன் வழக்கு வைப்பான் என்று கறுப்பு நூலில் வரியும் போட்டேன். அவனோ, "சித்தி, புலிக்கு ஏன் வால் இல்ல?" என்றான். மூன்று இழை உல்லனைப் பின்னி வால் வைத்தாயிற்று. சுங்குடியை வெட்டுவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, ஈர வெள்ளைத்துணியில் தேய்த்துப் பார்க்கவும். சாயம் இறங்குகிற துணி பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

வட்டத்தின் ஓரத்தில் வேட்டிக்கரைத் துண்டில் வளையம் மாதிரி காதுகள் வைத்து, அவற்றுக்குள்ளே ஒரு கயிறு ஓட்டிவிட்டேன். இழுத்தால் கட்டமே சுருக்குப்பையாகிவிடும், காய்கள் உள்ளேயே கிடக்கும். கயிறு பழைய டி-ஷர்ட்டிலிருந்து. அகலவாட்டில் ஒரு இஞ்ச் நாடாவாக வெட்டி இழுத்தால் ஓரம் தானே சுருண்டு உருண்டைக் கயிறாகும். நீளவாட்டில் வெட்டினால் அவ்வளவு இழுபடாது, அப்படிச் சுருளவும் செய்யாது.

நாத்தனாரின் கடைக்குட்டிக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. கொட்டை போட்ட காயும் நீளக் கயிறும் அவளுக்கு ஆகாது. பனியன் துணியில் பெரிய பந்து, உள்ளே துணி மட்டும், பட்டன், மணி எதுவும் கிடையாது.

"இதை வித்தா என்ன?" என்று பக்கத்து வீட்டக்கா கேட்டார். 14 வயதுக்குள்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமானுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, நான் பதிவு செய்தவள் இல்லை. தவிர, ஒரு செட்டுக்கு 18 காய். அத்தனை வாயையும் கையால் மூடுவதற்குக் கூலி போட்டால் யார் வாங்குவார்கள்?

காயும் கட்டமுமாக இரண்டு செட் தயார். நூல் கூடையில் சின்னச்சின்ன உருண்டைகள் பாக்கி இருப்பதால் அடுத்தது பல்லாங்குழி. 14 குழிக்கும் குரோஷாவில் கிண்ணம் போட்டு, ஏழேழாக இணைத்துவிடலாம் என்று கணக்கு. ஒரு வரிசை முடிந்திருக்கிறது. இரட்டை நூலில் இறுக்கிப் போட்டவை நிமிர்ந்து நிற்கின்றன, ஒற்றை நூலில் போட்டது தொளதொளவென்று சாய்கிறது. அதை மட்டும் பிரித்துப் போட வேண்டும்.