கட்டியை ஏன் உடனே வெட்டவில்லை?

மூன்று வயதுப் பையனுக்குப் புரோஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோயா, அது கிழவன்மாருக்கு வருவதுதானே என்று எங்கள் தோட்டத்து லயத்தில் கேட்காத ஆளில்லை. பெயர் ஒன்று, நோய் வேறு. பெரியவர்களுக்கு அது சுரப்பிக் கலங்களில் தொடங்குகிறது. அக்கா மகனுக்கு வந்தது ராப்டோமயோசார்கோமா, தசையாக வேண்டிய கலங்கள் தசையாகாமல் பெருகிக்கொண்டே போவது. இந்த வயதில் அது சிறுநீர்ப்பையில் முளைத்ததா புரோஸ்டேட்டில் முளைத்ததா என்று டாக்டர்களாலேயே பலநேரம் பிரித்துச் சொல்ல முடியாது. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக ஒண்ணுக்குப் போனான், பிறகு ரத்தம். சூடு என்று வெந்தயத் தண்ணி கொடுத்தார்கள். (மூத்திரத்தில் ரத்தம் கண்டால் வெந்தயத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

"கட்டிய வெட்டி எறியாம மாசக்கணக்கா மருந்தையே ஏத்துறாங்களே தம்பி" என்பதுதான் அக்காவின் கோபமெல்லாம். 1970கள் வரை வெட்டத்தான் செய்தார்கள். கட்டியோடு பெரும்பாலும் சிறுநீர்ப்பையும் போய்விடும், பிள்ளை ஆயுசு முழுக்க மூத்திரம் சேரும் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு திரியவேண்டும். இப்போது சின்னத் துண்டு எடுத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டு, வின்கிறிஸ்டின், அக்டினோமைசின், சைக்ளோபொஸ்பமைட் என்று கீமோ மருந்துகளை ஏற்றிக் கட்டியைச் சுருக்குகிறார்கள்; மிச்சத்துக்குக் கதிர்ச் சிகிச்சையோ, முடிந்தால் சிறுநீர்ப்பையைக் காப்பாற்றி ஒரு ஒப்பரேசனோ. பரவுவதற்கு முன் பிடித்தால் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டுப் பேர் பிழைக்கிறார்கள். கீமோ முடிந்து ஸ்கேனில் கொஞ்சம் கட்டி தெரிந்தாலும் உடனே ஒடிந்துபோகாதீர்கள், சிலவேளை அதில் உயிருள்ள புற்றுக்கலமே இருக்காது.

மருந்தும் சும்மா விடாது. வின்கிறிஸ்டினால் பாதத்தைத் தூக்க முடியாமல் படியில் விரல் தட்டித் தட்டி ஏறுகிறான், மலச்சிக்கல் வேறு. எனக்குப் பெரிய பயம் காய்ச்சல்தான். மருந்தால் ரத்தத்தில் வெள்ளணு இறங்கியிருக்கும்போது 38 பாகை தொட்டால் பெனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது, மழையோ பனியோ, ராவோடு ராவாக ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் கிளினிக் கொப்பியை நீட்டவேண்டும். ஒரு இடத்தில் வைரஸ் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கொப்பியைத் திறந்து மேசையில் வைத்த பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள்.

அடுத்தது மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை. வார நாளெல்லாம், ஐந்தாறு வாரம். இத்தனை சின்னப் பிள்ளை அசையாமல் படுக்காது என்பதால் ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் மயக்க மருந்து. தலவாக்கலையிலிருந்து தினம் போய்வர வழியில்லை, அங்கேயே தங்க இடம் தேடுகிறோம். அவ்வளவு நாளும் அக்காவுக்குத் தோட்டத்தில் பேர் (நாள் கூலி) விழாது, அத்தான் சம்பளம் மட்டும்தான்.