அம்மாச்சியோட ஜெர்மன் நோட்டு

அம்மாச்சி போயி எட்டு மாசம் ஆச்சு, போன வாரம் மாமா அவங்க அலமாரிய ஒழிச்சப்ப ஒரு 40 பக்க நோட்டு கெடச்சுதுன்னு ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. அட்டைல ‘ஜெர்மன்’னு தமிழ்ல எழுதி, ஆசிரியர்னு போட்டு என் பேரு. அதப் பாத்ததுல இருந்து வேற எதுலயும் மனசு நிக்கல, அதான் எழுதுறேன்.

நான் ஜெர்மனில டார்ட்மண்ட் ஊருக்கு வந்தது 2021 அக்டோபர்ல, வீட்டுக்காரருக்கு இங்க வேலை. எனக்கு அப்ப 34 வயசு, நம்ம ஊர்ல 9 வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்தவ, இங்க வந்து தபால்ல வர்ற ஒரு லெட்டரக்கூட படிக்கத் தெரியாம, அவரு சாயங்காலம் வர்ற வரைக்கும் பிரிச்சு மேசைல வெச்சுட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். படிச்சவளா இருந்துட்டு திடீர்னு எழுதப் படிக்கத் தெரியாதவளா ஆகுறது எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். குளிரெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

அப்புறம் வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்கு நடத்துற இன்டக்ரேஷன் கோர்ஸ்ல சேந்தேன், 600 பீரியட் மொழி, 100 பீரியட் இந்த நாட்டோட சட்டம், வரலாறு. மொத வாரமே அம்மாச்சிக்கு போன் போட்டு அழுதேன், இந்த வயசுல இனிமே எனக்கு ஏறாது அம்மாச்சின்னு. அவங்க சமாதானமெல்லாம் சொல்லல. “இன்னைக்கு என்ன நடத்துனாங்க? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு”ன்னாங்க. அவ்ளோதான். அன்னைல இருந்து ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் டீச்சர், அவங்க ஸ்டூடண்ட்.

34 வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவது ஏழாவது எட்டாவதுக்குத் தமிழ் எடுத்தவங்க, 1998ல ரிட்டயர்டு. சிவப்பு மையே தொட மாட்டாங்க, தப்புக்குக் கீழ பென்சில்ல மெல்லிசா ஒரு கோடு, பிள்ளை திருத்திட்டு ரப்பர் வெச்சு அழிச்சுட்டா அந்தத் தப்பு அங்க இருந்ததே தெரியாது. நான் ஹாஸ்டல்ல இருந்து போடுற லெட்டரக்கூட ஒற்றுப்பிழைக்குக் கோடு போட்டு, பதில் லெட்டரோட சேத்துத் திருப்பி அனுப்புவாங்க. அப்ப கோவமா வரும். இப்ப அதுல ஒண்ணுகூட நான் எடுத்து வெச்சுக்கலயேன்னு இருக்கு.

வயசப் பத்தி நான் மறுபடி பொலம்புனப்ப ஒரு தடவ மட்டும் சொன்னாங்க. 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சுல்ல, அதுவரைக்கும் ‘லை’ ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைச்சு எழுதுவாங்க, ‘றா’ ‘னா’க்கு வேற வடிவம், அப்ப அவங்களுக்கு 38 வயசு, 14 வருஷமா போர்டுல ஒரே மாதிரி எழுதின கை. “மூளை மாறிருச்சு, கை மாற மாட்டேங்குது. பிள்ளைங்க முன்னாடியே பழசா எழுதிட்டு அழிச்சு அழிச்சு எழுதுனேன். அதுகளும் என்கூடவே கத்துக்கிச்சு.” இதக் கேட்ட அப்புறம் வகுப்புல தப்பாப் பேச நான் கூச்சப்படுறத விட்டுட்டேன்.

அவங்க கேக்குற கேள்விக்குத்தான் நான் நெஜமாவே படிச்சேன். ஜெர்மன்ல பொண்ணுங்குறதுக்கு ‘மேட்ஷன்’, அது ஆண்பாலும் இல்ல பெண்பாலும் இல்ல, மூணாவது பால்னு சொன்னேன், பாவம் அம்மாச்சிக்கு ஆறவே இல்ல, “பொம்பளப் பிள்ளைய அஃறிணைல வெச்சிருக்காங்களா? ஏன்?” எனக்குத் தெரியல. “தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, கேட்டுட்டு வந்து அடுத்த வாரம் சொல்லு.” அது அவங்க வகுப்புல அவங்களுக்கும் இருந்த சட்டம். கேட்டுட்டு வந்தேன், கடைசில ‘ஷன்’னு சின்னதாக்குற விகுதி சேந்தா எந்தச் சொல்லும் அந்தப் பாலுக்குப் போயிரும்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், “அட, நாமளும் குழந்தை அழுததுன்னுதான பாப்பா சொல்றோம். குழந்தை அழுதாள்னா சொல்றோம்? தொல்காப்பியர் காலத்துலயே குழவிக்கு அஃறிணை முடிவுதான்”னாங்க. அந்தக் குரல்ல இருந்த சந்தோஷம் இன்னும் காதுல இருக்கு.

ஆபீஸ் லெட்டர்ல வர்ற நீள நீளமான வார்த்தைகளுக்கு அவங்க சொன்ன வழி ஒண்ணுதான், பதம் பிரிச்சுப் படி. ‘அவுஃபென்ட்ஹால்ட்ஸ்எர்லவுப்னிஸ்’, விசா கார்டுல இருக்குற வார்த்தை, பிரிச்சா தங்குறது பிளஸ் அனுமதி. நடுவுல ஒரு ‘ஸ்’ வருதே, அதுக்கு அர்த்தமே இல்லன்னு டீச்சர் சொல்றாங்கன்னேன். “அர்த்தம் இல்லாம சேக்குறதுக்கு வந்து நிக்குதா? அது சாரியை பாப்பா. மரம் மரத்தை ஆகுறப்ப நடுவுல அத்து வருதுல்ல.” எங்க டீச்சர்ட்ட போயி சொன்னேன், அந்தம்மா ஆச்சரியப்பட்டு அந்த ‘அத்து’வ போர்டுல எழுதச் சொன்னாங்க. டார்ட்மண்ட்ல ஒரு வகுப்புல, சிரியாக்காரங்க உக்ரைன்காரங்க எல்லாம் பாக்க, எங்க அம்மாச்சி நடத்துன பாடம் அது.

பி1ங்குற ஜெர்மன் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணேன். ரிசல்ட் வந்தப்ப அவங்ககிட்ட சொல்லத்தான் மொதல்ல போன் எடுத்தேன்.

அவங்க போனப்ப கார்டு புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், கையில எதுவும் இல்ல, போக முடியல. வீடியோ கால்ல பாத்தேன். அதப் பத்தி இதுக்கு மேல எழுத வரல.

மார்ச் கடைசி ஞாயிறு இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வெப்பாங்க, நாலரை மணி நேர வித்தியாசம் மூணரை ஆயிரும். ஒவ்வொரு வருஷமும் அன்னைக்கு “மணிய மாத்திட்டாங்களா?”ன்னு கேட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. இந்த வருஷம் அடுப்புல இருக்குற கடிகாரத்த நான் ரெண்டு மாசம் மாத்தவே இல்ல.

இப்ப இந்த நோட்டு. தேதி போட்டு, நான் சொன்னது ஒவ்வொண்ணும் தமிழ் எழுத்துல, அவங்க சந்தேகப்பட்ட எடத்துலயெல்லாம் பென்சில் கோடு. கேட்டு சரியானதும் கோட்ட அழிச்சிருக்காங்க, போட்டோல தடம் மட்டும் தெரியுது. கடைசிப் பக்கத்துல ஒரு கோடு அழிக்காம இருக்கு: “ஸீ என்றால் அவள். ஸீ என்றால் அவர்கள். ஸீ என்றால் நீங்கள். மூன்றும் எப்படி ஒன்று? ஞாயிறு கேட்க.”

அம்மாச்சி, அவர்கள்ங்குற பன்மையத்தான் இவங்க மரியாதைக்கும் எடுத்துக்கிட்டாங்க, எழுதுறப்ப மொத எழுத்தப் பெருசாப் போட்டா அது நீங்கள். உங்களப் பத்தி யார்ட்டயாவது சொல்றப்ப நான் ‘அவங்க’ன்னு சொல்றேன்ல, அந்த மாதிரிதான். ‘அவள்’ மட்டும் எப்படி அதே வடிவத்துல வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. கேட்டுட்டு வந்து அடுத்த வாரம் சொல்றேன்.